முனியப்பன் மாடும் என் கல்யாணமும்

சீம்பால் வேகும்போது வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்து ஒரு வாசனை வருமே... எனக்கு அதுதான் கல்யாண வாசனை. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் ஊழியத்துக்குப் புதிதாக வந்த திருநெல்வேலிக்காரன் நான். கிருஷ்ணகிரிக்குத் தெற்கே நாகரசம்பட்டிப் பக்கம் ஒரு ஓட்டுக்கூரை சர்ச். சபையில் விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள். போதகரை அப்போதெல்லாம் 'அய்யரே' என்றுதான் கூப்பிடுவார்கள். சைக்கிளில் வீடு வீடாகப் போய் நலம் விசாரித்து, ஜெபம் பண்ணி, கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வருவதுதான் பாதி வேலை.

ஒரு நாள் அப்படிப் போகையில் முனியப்பன் ஓடிவந்து சைக்கிளை மறித்தார். மாந்தோப்பு வைத்திருந்தவர். சபைக்காரர் இல்லை.

"அய்யரே, மாடு காலையிலேருந்து படுத்துக்கினு கீது. கன்னு வர மாட்டேங்குது. மனுசனுக்குப் பண்றீங்களே, இதுக்கும் ஒண்ணு பண்ணுங்க."

மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பால். வேதாகமக் கல்லூரியில் இதற்குப் பாடம் வைக்கவில்லை. பயந்துகொண்டே அதன் நெற்றியில் கை வைத்து ஆரம்பித்தேன். முனியப்பன் என் தோளைத் தொட்டார்.

"தெலுங்குல சொல்லுங்க. எங்க மாட்டுக்குத் தமிழு தெரியாது."

"ஆண்டவருக்குத் தெரியுங்க."

"கேக்கறது ஆண்டவரு. முக்க வேண்டியது மாடு."

அவர் மனைவி ஒவ்வொரு வரியாகத் தெலுங்கில் சொல்ல, நான் திருப்பிச் சொன்னேன். கன்று விழுந்தது.

மறுநாள் சொம்பு நிறையச் சீம்பால் வந்தது. அதற்கு முன்பே சேதி ஊரெல்லாம் போயிருந்தது. அப்புறம் சனிக்கிழமையானால் சர்ச் வாசலில் மாடும் எருமையும் வரிசை கட்டி நிற்கும். ஞாயிறு ஆராதனைக்கு வந்த கூட்டத்தைவிட அது அதிகம்!

அந்தச் சமயத்தில்தான் கிருஷ்ணகிரித் தலைமையாசிரியர் ஒருவர் தன் மகள் எஸ்தருக்கு என்னைப் பேசினார். எஸ்தரை ஒரு கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். அன்றிலிருந்து பிரசங்கத்தின் நடுவில் வசனம் மறந்துபோய்க்கொண்டிருந்தது. இந்தச் சம்பந்தம் தவறினால் நான் தேற மாட்டேன் என்று எனக்கே தெரியும்.

மாப்பிள்ளை பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னவர், சனிக்கிழமையே வந்துவிட்டார்.

நான் ஒரு எருமையின் நெற்றியில் கை வைத்து, கண்ணை மூடி, அரைகுறைத் தெலுங்கில் மன்றாடிக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறந்தால்... எருமைக்குப் பின்னால் கோட்டும் குடையுமாக மாமனார்.

முனியப்பன் அவரை விசாரித்துக்கொண்டிருந்தார். "வரிசையில நில்லுங்க சாமி. மாட்ட எங்க கட்டியிருக்கீங்க?"

"நான் பொண்ணுக்கு அப்பா."

விஷயம் புரிந்ததும் முனியப்பன் எனக்கு உதவி செய்ய முடிவெடுத்தார்.

"கண்ண மூடிக்கினு குடுங்க சாமி. எங்க அய்யரு கைய வச்ச மாடு இதுவரைக்கும் உதைச்சதே இல்ல."

தலைமையாசிரியர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே வந்து காப்பி குடித்தார். வெளியே நின்றவர்களைப் பார்த்தார்.

"இவங்கல்லாம் உங்க சபையா?"

"இல்லைங்க ஐயா."

"பின்னே ஏன் வர்றாங்க?"

"கூப்பிட்டா நான் போறேன். அதனால அவங்களும் வர்றாங்க போலிருக்கு."

குடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். போச்சு என்று நினைத்தேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, முனியப்பன் காதில் விழாதபடி கேட்டார்.

"எங்க வீட்லயும் ஒரு பசு இருக்கு தம்பி. சினையே பிடிக்கலை. வந்து ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போறீங்களா?"

போனேன். அந்த ஜெபத்தில் பசு முதல் வரியில் மட்டும்தான் இருந்தது. அது கடைசிவரை சினை பிடிக்கவில்லை. "எங்கப்பா கேட்டது ஒண்ணு, நீங்க வாங்கிட்டுப் போனது ஒண்ணு" என்று எஸ்தர் ஆயுசு முழுக்கச் சொல்லிக்காட்டினாள்.

பக்கத்து ஊர்களில் எங்கே மாற்றலாகிப் போனாலும், முனியப்பன் வீட்டில் கன்று பிறந்தால் எங்களுக்குச் சீம்பால் வந்துவிடும். அவர்கள் ஒரு நாளும் சபைக்கு வந்ததில்லை. எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு வராமல் இருந்ததும் இல்லை.

இப்போது ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். காலையில் போனைத் திறந்தால் கும்பிடும் கைகளாக வந்து குவிந்திருக்கும். அனுப்பியவர் யாரென்று பாதி தெரியாது. 'எப்படி இருக்கீங்க' என்று கேட்க அன்றைக்கு மேடெல்லாம் சைக்கிள் மிதித்தேன். கேட்டால் பதில் வரும்வரை உட்கார்ந்திருப்பேன்.

போன வாரம் முனியப்பனின் பேரன் வீடியோ கால் பண்ணினான். போச்சம்பள்ளியில் கம்பெனி பஸ் ஓட்டுகிறான், மாடும் வைத்திருக்கிறான்.

"தாத்தா, மாடு கஷ்டப்படுது. கைய வைங்க" என்று போனை மாட்டு முகத்துக்கு நேரே பிடித்தான்.

நானும் பக்தியாக உள்ளங்கையை ஸ்கிரீனில் வைத்தேன். கால் கட் ஆகிவிட்டது.

திரும்பக் கூப்பிட்டான். கையை மடியில் வைத்துக்கொண்டு, முனியப்பன் மனைவி சொல்லிக்கொடுத்த அதே தெலுங்கு வரிகளைச் சொன்னேன். ஒன்றுகூட மறக்கவில்லை.

மறுநாள் வாட்டர் பாட்டிலில் சீம்பால் வந்தது. மருமகள் வெல்லம் போட்டு வேகவைத்தாள். எங்கள் வீட்டில் முதல் கரண்டி எப்போதும் எஸ்தருக்குத்தான். அவள் போய்ச் சில வருஷம் ஆகிறது. ஆனாலும் அந்த வாசனை வந்ததும், "எஸ்தர், சீம்பால் வந்திருக்கு" என்று அறைப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டுவிட்டேன்.

சொல்லிக்காட்ட யாரும் வரவில்லை.

அந்தக் கிருஷ்ணகிரிப் பசுவுக்கும் சேர்த்து ஒரு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, முதல் கரண்டியை நானே சாப்பிட்டேன்.