மார்கழியில் மல்லி

கருங்குழியில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த உலகநாதன், மனைவி பார்வதத்துக்கு மறதி நோய் என்று தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். அவள் அடுப்பை அணைக்க மறந்தாள். படூரில் இருக்கும் மகளின் பெயரை மறந்தாள். ஆனால் எழுந்ததும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்துக்குப் போக மட்டும் மறந்ததே இல்லை. அத்தனை செடிகளும் அவள் வைத்தவை.

மார்கழி பிறந்ததும் தோட்டம் சோர்ந்துபோனது. கறிவேப்பிலை துளிர்விடவில்லை. செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பிக் கிடந்தது. மல்லிச் செடியில் பனியில் நனைந்த பழுப்பு இலைகள்தான் மிச்சம்.

"என் பூவ யாரு பறிச்சினு போனது?" பார்வதம் அதன் முன்னால் நின்று அழுதாள்.

"யாரும் பறிக்கல. பனிக்காலம், பூக்காது."

"பொய் சொல்ற. நீதான் எவளுக்கோ குட்த்துட்ட."

தினமும் இதே கேள்வி, இதே அழுகை. பொறுக்க முடியாமல் ஒருநாள் விடிவதற்குள் மதுராந்தகம் போய், யானை விலை கொடுத்து உதிரி மல்லி வாங்கிவந்தார். மொட்டுகளைக் கிளை இடுக்குகளில் செருகிவைத்தார். பார்வதம் வந்து பார்த்துச் சிரித்தாள். பறித்து மடியில் கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து தொடுத்தாள். அதன்பிறகு அதுவே அவருக்குக் காலை வேலையாயிற்று.

மாதக் கடைசியில் ஒருநாள், மொட்டு ஒன்றின் காம்பு பறிப்பதற்கு முன்பே அறுந்து வாடியிருப்பதைப் பார்த்தவள் கையை நிறுத்தினாள். செடியைப் பார்த்தாள். பனிமூட்டத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அது பழைய பார்வதத்தின் பார்வை.

"மார்கழியில மல்லி எங்கய்யா பூக்கும்? நீ வாங்கினு வந்து சொருவுறியா?"

அவர் தலையாட்டினார்.

"அப்போ... எனக்கு இன்னா ஆச்சு?"

"மறதி நோவு. போன வருசத்துலேர்ந்து கீது."

"உன்ன இன்னா பாடு படுத்துறேன்? அடிக்கிறேனா?"

"சேச்சே, இல்ல." அவர் முழங்கையில் அவள் கரண்டியால் அடித்த தழும்பு இருந்தது. சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டார்.

அவள் அழவில்லை. எழுந்து தோட்டத்தைச் சுற்றினாள். "செம்பருத்திக்கு வேப்பெண்ண தெளி. காஞ்ச கொம்ப வெட்டி உடு. கறிவேப்பிலைக்கு ரொம்ப தண்ணி ஊத்தாத, வேரு அழுவிடும்."

அவர் பின்னாலேயே போய் எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். அவளிடம் கேட்கவும் சொல்லவும் எவ்வளவோ இருந்தது. நடுவில் பேசினால் அவள் போய்விடுவாளோ என்று பயம். எலுமிச்சைச் செடியருகில் பேச்சு பாதியில் நின்றது.

"இன்னா சொல்லிகினு இருந்தேன்?"

"எலுமிச்சையப் பத்தி."

"எந்த எலுமிச்ச?" என்றாள், அதன் இலையைப் பிடித்தபடியே.

அதற்குப்பின் அவர் பூக்கடைக்குப் போகவில்லை. பூவைப் பார்த்துத் தெளிந்து, தனக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கும் முகத்தை இன்னொருமுறை பார்க்கும் தெம்பு அவருக்கு இல்லை. மறுநாள் காலை அவள் வெறும் செடிமுன் நின்று கேட்டபோது, "பனிக்காலம் பார்வதம், பூக்காது" என்றார். அவள் அழுதாள். அழுது ஓயும்வரை அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.