மூன்றாம் மாடி, இருக்கை 47

இது நடந்தது. என் மனைவி நம்பவில்லை. அவள் நான் பல் தேய்த்தேன் என்றாலே நம்ப மாட்டாள், நீங்களாவது நம்புங்கள். அதுவும் நடுராத்திரியில் இல்லை, பட்டப்பகலில் நடந்தது.

நாற்பது வருடம் அலுவலகக் கட்டடங்களைப் பராமரித்து ஓய்வு பெற்றவன் நான். மூன்று வாரத்துக்கு மட்டும் வாருங்கள் என்று பழைய கம்பெனி கூப்பிட்டது. பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். நான்கு மாடி எதற்கு? மூன்றாம் மாடியைக் கட்டட உரிமையாளரிடம் திருப்பிக் கொடுக்க முடிவு. ஒரே நிபந்தனை: தொடர்ந்து ஐந்து வேலைநாள் அங்கே ஒருவரும் உட்காரவில்லை என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார். ஆள் உட்கார்ந்தால், கீழே காவலாளியின் திரையில் அந்த இருக்கை சிவப்பாகும்.

மொத்தம் நூற்றிருபது இருக்கை. நூற்றுப்பத்தொன்பது பச்சை.

47 மட்டும் சிவப்பு.

காலை 9.12க்குச் சிவக்கும். மதியம் 1.05க்குப் பச்சை. 1.40க்கு மறுபடி சிவப்பு. மாலை 5.40 வரை. என் நாற்பது வருடத்தில் இவ்வளவு ஒழுங்கான ஊழியரை நான் பார்த்ததில்லை! மூச்சிரைக்க மேலே ஓடினால், ஈ காக்காய் இருக்காது. சென்சாரை ஏழு முறை மாற்றினேன். எழுபது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சிவப்புக்கும் ஐந்து நாள் கணக்கு முதலிலிருந்து. பாம்பு ஏணி ஆட்டத்தில் தொண்ணூற்றெட்டில் கடிபட்டவன் கதிதான்.

மகளுக்குத் தலைப்பிரசவம். சனிக்கிழமை ரயில். போனில் மனைவி பொரிந்தாள்.

"காலி நாற்காலிய எண்ண மூணு வாரமா? பொறக்கப்போற புள்ள காலேஜ் முடிச்சப்புறம் வருவீங்களா?"

வெள்ளிக்கிழமை, 4.20. பொறுமை போயிற்று. காவலாளியைப் போனில் பிடித்து வைத்துக்கொண்டு மாடிக் கதவைத் திறந்தேன்.

"ஏம்பா, இப்ப என்ன கலர்?"

"சிவப்பு சார்."

"நான் அது முன்னாடிதான்யா நிக்கறேன். ஒருத்தனும் இல்ல!"

"நீங்களே உக்காந்து பாருங்க சார்."

உட்கார்ந்தேன்.

நாற்காலி சூடாக இருந்தது. அந்த நொடிதான் யாரோ எழுந்ததுபோல.

க்ரீச்...

பக்கத்து நாற்காலியின் சக்கரம்.

"சார்..."

"சொல்லு."

"இப்ப 48ம் சிவப்பு."

4.26. என் தலையில் மிச்சமிருந்த பதினோரு முடியும் எழுந்து நின்றன.

டக்... டக்... டக்...

பக்கத்து மேசையில் கீபோர்டே இல்லை.

டக்... டக்...

மூன்று மாடியை மூன்றே தாவலில் இறங்கினேன். அறிக்கையில் எழுதினேன்: 'ஐந்து நாளும் யாருமில்லை.' பொய்தான். 47-ஐ இருக்கைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் ரயில் ஏறினேன். பேத்தி பிறந்தாள். ஐந்து கிலோ, மனைவி மூன்று என்பாள்.

பத்து நாள் கழித்து ஊழியர் பிரிவு அம்மா கூப்பிட்டார்.

"சார், அந்த 47 யாரோடதுன்னு தெரியுமா? தனியா வீட்லருந்து வேலை பாக்கறவர். கேமராவ ஆன் பண்ணவே மாட்டார். ஆனா வேலை ஒரு நாள் தவறாது. நீங்க கிளம்பின அடுத்த திங்கக்கிழமைதான் முதல்முறையா வேலை வரல. போனும் எடுக்கல. ஆள் அனுப்பினோம். கதவ உடைச்சாங்க."

"என்னம்மா ஆச்சு?"

"இறந்து கிடந்தார் சார்..."

"எப்போ?"

"பதினாலு மாசம் ஆச்சுன்னு டாக்டர் சொல்றார்."

போனை வைத்தேன். வெள்ளிக்குப் பிறகு அலுவலக மெயிலை நான் திறக்கவேயில்லை. திறந்தேன். படிக்காமல் ஒன்று கிடந்தது. நான் கையெழுத்துப் போட்ட பதினைந்தாவது நிமிடம் வந்திருக்கிறது. அவரிடமிருந்து.

'ஐயா, பட்டியலில் என் இருக்கை இல்லை. இனி நான் எங்கே உட்கார வேண்டும்?'