ரத்தம் வராத ஈறு

எங்கள் பேண்டு செட்டில் ட்ரம்பெட் வாசித்த என் அக்கா வீட்டுக்காரருக்குச் 'சங்கு' என்று பெயர் வைத்தது நான்தான். அவர் ஊதினால் மாடியில் தூங்குகிறவன்கூட எழுந்துவந்து ஜன்னலைத் திறப்பான். நான் அவருக்குப் பின்னால் பெரிய டிரம்மை அடித்துக்கொண்டு நடப்பேன். டிரம் அடிக்க இரண்டு கை இருந்தால் போதும், மூளை வேண்டாம் என்பார். மாமா சொன்னதால் பொறுத்துக்கொண்டேன். வேறு எவனாவது சொல்லியிருந்தால் குச்சி அவன் முதுகில் உடைந்திருக்கும்.

ட்ரம்பெட்டுக்கு மூச்சு இருந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். மூச்சு எல்லாரிடமும்தான் இருக்கிறது. ஊதுவாயை உதட்டில் வைத்து அழுத்தும்போது, உதட்டுக்குப் பின்னால் முட்டுக்கொடுக்க முன்பல் வேண்டும். சுருதி மேலே போகப் போக அழுத்தமும் கூடும். மாமாவுக்கு வேறு தொழில் தெரியாது. ஆணி அடிக்கச் சொன்னால் விரலையும் சேர்த்து அடிக்கிறவர். அக்காவும் குழந்தையும் அவருடைய முன்பல்லை நம்பித்தான் சாப்பிட்டார்கள்.

பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே அவருக்குச் சிகரெட் வேண்டும். சிவப்புக் கோட்டின் உள்பையில் தீப்பெட்டி இல்லாமல் அவரைப் பார்த்ததில்லை. மகள் பிறந்து, அவளுக்கு மூச்சு இளைப்பு வந்தபோது அக்கா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்.

"புள்ளையா, சிகரெட்டா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க."

அன்றே விட்டார். எரிந்து விழுந்தார், சோறு பிடிக்கவில்லை. ஆனாலும் தொடவில்லை. அந்த மனிதரை நினைத்து நான் பெருமைப்பட்ட நாட்கள் அவை.

சில வாரம் போனது. ஷட்டர் பட்டறைக்கு மேலே இருந்த அறையில் ஒத்திகை. மாமா ஊதுவாயைக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்ததைப் பார்த்தார். முகம் வெளிறிப்போய் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, ரத்தம் வருது."

காலையில் பல் தேய்த்தபோதும் நுரை சிவப்பாக வந்ததாம். இத்தனை வருஷம் சிகரெட் பிடித்தபோது ஒரு சொட்டுகூட வந்ததில்லை, விட்டதும் வருகிறது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? எங்கள் கூட்டத்தில் எல்லாருமே வாயில் ஏதாவது வைத்து ஊதுகிறவர்கள், வாய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர் ஒருவருமில்லை. கிளாரினெட்காரர் மட்டும் தெரிந்தவர் மாதிரிப் பேசினார்.

"பழகின உடம்பு. சட்டுனு நிறுத்தினா தாங்குமா?"

முன்பல் போய்விடுமோ என்ற பயம் மாமாவைத் தின்றது. பட்டறைப் பின்பக்கம் போய் ஒன்று பற்றவைத்தார். பிறகு வீட்டுக்குத் தெரியாமல் வெளியிலேயே பிடித்தார். கொஞ்ச நாளில் ரத்தம் நின்றது. அவர் கைக்குட்டையை விரித்து ஊரெல்லாம் காட்டினார், வெள்ளை வெளேரென்று. கண்ணால் கண்டதற்கு மேல் சாட்சி எதற்கு? நானும் நம்பினேன். அக்காவுக்குத் தெரிந்தபோது அவளும் கைக்குட்டையைப் பார்த்து அடங்கிப்போனாள்.

வருஷங்கள் ஓடின. ஒரு கடைத் திறப்பில், கூட்டம் கூடி நிற்கும்போது, மேல்சுருதியில் அவருடைய சத்தம் பிளந்தது. மறுபடி ஊதினார், மறுபடி பிளந்தது. சிலர் சிரித்தார்கள். ஓரமாகப் போய் நாக்கால் முன்பல்லைத் தள்ளிப் பார்த்தார். அசைந்தது.

பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். ஈறைத் தொட்டுப் பார்த்தாள். வெளிறி, கெட்டியாக இருந்தது. மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கினாள். அது போய்க்கொண்டே இருந்தது. ரத்தம் வரவில்லை.

"பாருங்க டாக்டர், ரத்தமே இல்ல," என்றார் மாமா, நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறவர்போல.

"அதுதாங்க ஐயா கவலையா இருக்கு," என்றாள் அவள். "ஈறுக்குள்ள முடியைவிட மெல்லிசா ரத்தக்குழாய் இருக்கு. கிருமி சேர்ந்தா அது விரிஞ்சு, சண்டைக்கு ஆள் அனுப்புற மாதிரி ரத்தத்தைக் கூட்டி அனுப்பும். அதனாலதான் லேசா பட்டாலே கசியும். சிகரெட் அந்தக் குழாயைச் சுருக்கிடும், ஈறோட அந்தக் குணத்தையே மழுங்கடிச்சிடும். ரத்தம் வெளிய தெரியாது. ஆனா உள்ள எலும்பு கரைஞ்சுகிட்டே இருக்கும்."

"நான் விட்டப்ப வந்துச்சே?"

"ரத்த ஓட்டம் திரும்ப வந்திருக்கு. அப்பவே நீங்க இங்க வந்திருந்தா, சுத்தம் பண்ணியே பல்லைக் காப்பாத்தியிருக்கலாம்."

திருடனைப் பார்த்துக் குரைத்த நாயை அடித்துத் துரத்திவிட்டு, தெரு அமைதியாக இருக்கிறது என்று தூங்கியிருக்கிறோம். எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. மாமா வாயைத் திறந்தபடியே கிடந்தார். கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் போனது.

முன்பல் போயிற்று. கட்டிய பல்செட் ஊதுவாயின் அழுத்தத்தில் நழுவியது. பேண்டு முதலாளி கெட்டவரில்லை, மாமா கையில் பித்தளைத் தட்டு இரண்டைக் கொடுத்து வரிசையின் கடைசியில் நிறுத்தினார்.

"கடைசியில ஜால்ரா அடிக்க வெச்சுட்டாங்க மாப்ள," என்று அவரே சொல்லிச் சிரித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா ஒரு தையல் கடைக்கு வேலைக்குப் போகிறாள்.

சிகரெட்டை மறுபடி விட்டுவிட்டார், இந்த முறை யாரும் சொல்லாமலே. போன வாரம் அவர் வீட்டுக்குப் போனேன். மகள் அலமாரி மேலிருந்து ட்ரம்பெட்டை இறக்கி, "ஒரே ஒரு தடவைப்பா" என்று நீட்டினாள். அவள் கேட்டால் மறுக்கத் தெரியாது அவருக்கு. பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஊதுவாயை வைத்து அழுத்தினார். உதடு பள்ளத்துக்குள் போனது. காற்றுதான் வந்தது. இன்னும் அழுத்தினார், கழுத்து நரம்பு புடைக்க. காற்றுதான்.

மகள் உள்ளே போய்விட்டாள். அவர் வழக்கப்படி ஊதுவாயைக் கைக்குட்டையால் துடைத்து, துடைத்த இடத்தைப் பார்த்தார். சிவப்பாக ஒரு கறை. மிச்சமிருக்கும் பல்லின் ஈறிலிருந்து வந்திருக்க வேண்டும். என் பக்கம் நீட்டினார்.

"மாப்ள, ரத்தம் வருது."

"நல்லது மாமா," என்றேன்.