மாடிக் கூடத்தில் கடைசிப் பின்னல்

அந்த மாடிக் கூடத்தில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அங்கே நான் சிவப்பு. எனக்கு எதிரே வருபவள் பச்சை. பின்னல் கோலாட்டத்தில் அவரவர் பிடிக்கும் கயிற்றின் நிறம்தான் அவரவர் பெயர். வீட்டில் எனக்கு வாயாடி, பிடிவாதக்காரி என்று பட்டங்கள் இருந்தன. அப்பாவுக்குக் கோபம் வந்தால் இன்னும் நாலைந்து சேரும். அதனால் சனிக்கிழமை மத்தியானங்களில் வெறும் சிவப்பாக இருப்பது எனக்குப் பெரிய சுகம்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸைத் தாண்டியதும் ஒரு சங்கத்தின் மாடிக் கட்டடம் இருந்தது. கீழே வாசகசாலை. ஜப்பான்காரன் வந்த பிறகு அங்கே வாசிக்கப் புதிதாக ஒன்றும் வரவில்லை. பழைய பத்திரிகைகளையே பெரியவர்கள் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். மேலே எங்கள் கூடம். பலகைத் தரை, நாலு ஜன்னல், நடு உத்தரத்தில் ஓர் இரும்புக் கொக்கி. நாங்கள் காலைத் தட்டி ஆடினால் கீழே இருப்பவர்கள் தலையில் தூசி விழும். யாராவது துடைப்பக் கட்டையால் மேலே இடிப்பார்கள். நாங்கள் இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டுவோம்.

சுவரில் ஒரு கடிகாரம் உண்டு. ஊரிலுள்ள எல்லாக் கடிகாரங்களையும் தோக்கியோ நேரத்துக்கு, ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைக்கச் சொல்லி உத்தரவு. எங்கள் கடிகாரம் மட்டும் பழைய நேரத்திலேயே ஓடியது.

"பொம்பளப் பிள்ளைங்க குதிக்கிற எடத்துக்கு எவன் வந்து மணி பாக்கப் போறான்?" என்பார் அக்கா.

அக்காதான் அந்தக் கூடத்தைப் பார்த்துக்கொண்டவர். முப்பது வயது இருக்கும். அவர் கணவர் ரயில்வேயில் சிக்னல் வேலை செய்தவர். சயாமில் ரயில் பாதை போட வேண்டும் என்று 1943-இல் ஜப்பான்காரர்கள் அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அதைப் பற்றி அக்கா வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. ஆட்டத்தை நாங்கள் பார்த்துப் பார்த்து, ஒருத்தியிடமிருந்து ஒருத்தி பிடித்துக்கொண்டோம். அக்கா கதவைத் திறப்பார், தரையைக் கூட்டுவார், ஜன்னல் ஓரம் நின்று ஜால்ரா தட்டுவார். அவர் தட்டும் தாளம் ஒரு நாளும் முன்னே பின்னே போனதில்லை.

பின்னல் கோலாட்டம் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. கொக்கியிலிருந்து எட்டுத் துணிக் கயிறுகள் தொங்கும். எட்டுப் பேர் ஒரு கையில் கயிறும் மறு கையில் கோலுமாக வட்டமாக நிற்போம். நாலு பேர் வலமாக, நாலு பேர் இடமாகச் சுற்ற வேண்டும். எதிரே வருபவளோடு கோலைத் தட்டிவிட்டு, ஒருத்தியை உள்பக்கமாகவும் அடுத்தவளை வெளிப்பக்கமாகவும் கடக்க வேண்டும். ஆட ஆட, கொக்கிக்கு அடியிலிருந்து கயிறுகள் ஜடை போலப் பின்னிக்கொண்டே கீழே வரும். தலைக்குச் சற்று மேலே வரை வந்ததும் அப்படியே திரும்பி, வந்த வழியே பின்னோக்கி ஆடினால் பின்னல் கீழேயிருந்து மேலாக அவிழும். முதலில் பின்னியது மேலே இருக்கும்; கடைசியில்தான் அவிழும்.

எங்களுக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. பின்னியதை அவிழ்க்காமல் யாரும் படி இறங்கக் கூடாது. இது முதல் சட்டம். ஒரு தடவை தெருவில் முழங்கால் அளவுக்கு வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தபோதுகூட நாங்கள் அவிழ்த்து முடித்துவிட்டுத்தான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தோம். இரண்டாவது சட்டம், தப்பு விட்டவள் கையைத் தூக்கி "நான்தான்" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால், எப்படி, ஏன் என்று யாரும் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. அன்றைக்கும் கூடாது, என்றைக்கும் கூடாது. இந்த இரண்டாவது சட்டத்தை நான் அடிக்கடி பயன்படுத்திக்கொண்டேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

1944-இல் ஒரு செவ்வாய்க்கிழமை உத்தரவு வந்தது. கூடம் பட்டாளத்துக்கு வேண்டுமாம். சனிக்கிழமை நாலு மணிக்குள் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். சங்கத்தில் கணக்கெழுதும் கிராணி வந்து சொன்னபோது நானும் பச்சையும் அங்கேதான் தரை துடைத்துக்கொண்டிருந்தோம். அக்கா என்ன சொன்னார் தெரியுமா?

"சரிங்கண்ணே. கூட்டித் துடைச்சுக் குடுத்திடறேன்."

அவ்வளவுதான். ஒரு பெருமூச்சு இல்லை, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துடைப்புத் துணியை வாளிக்குள் வீசி எறிந்தேன்.

"அதெப்படிக்கா சரின்னு சொல்லுவீங்க? நம்ம கூடம்க்கா!"

"தண்ணி சிந்துது பாரு, துடை" என்றார்.

அந்த நாலு நாளும் அக்கா மேல் நான் கோபமாக இருந்தேன். ரேஷன் வரிசையில் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வீட்டில் மரவள்ளிக்கிழங்கைத் தட்டில் வைத்தால் தள்ளிவிட்டேன். பசித்ததும் நானே போய் எடுத்துத் தின்றேன், அது வேறு விஷயம். கல் மாதிரிப் பெண்பிள்ளை என்று அம்மாவிடம் அக்காவைத் திட்டினேன். அம்மா கிழங்குத் தோலை உரித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை எல்லாரும் வந்துவிட்டார்கள், நீலக் கயிறுக்காரி ஒருத்தியைத் தவிர. அவள் குடும்பம் கிழங்கு போடக் கொஞ்சம் நிலம் கிடைத்தது என்று போன மாதமே கிள்ளான் பக்கம் போய்விட்டது. எட்டுப் பேர் இல்லாமல் பின்னல் வராது. ஆகவே அக்கா ஜால்ராவை ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தானே நீலக் கயிற்றைப் பிடித்தார்.

ஆடுவதற்கு முன்னால் ஒன்று சொன்னார்.

"ஆடி முடிச்சதும் கயித்தெல்லாம் எறக்கிடலாம். எந்த வீட்டுச் சேலையோ அந்த வீட்டுக்கே போகட்டும்."

அந்தக் கயிறுகள் எல்லாம் சேலைகள். சண்டைக்கு முந்திய நல்ல காலத்தில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தவை. நீளவாக்கில் மடித்து முறுக்கி, நுனியில் குஞ்சம் கட்டியிருந்தோம். இப்போது ஊரில் ஒரு முழத் துணி கிடைக்காது. கோணிச் சாக்கைத் தைத்து உடுத்திக்கொண்டு தெருவில் போகிறவர்கள் உண்டு. பச்சையின் பாவாடையில் ஒட்டுப் போட்ட இடம்தான் அதிகம். அக்கா சொன்னதைக் கேட்டதும் அவள் தன் கயிற்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். நான் அதைக் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. கவனித்தேன். ஆனால் என் மனம் வேறு கணக்கில் இருந்தது.

அவிழ்க்காமல் யாரும் படி இறங்கக் கூடாது. அப்படியென்றால் பின்னல் அவிழாவிட்டால்? நாங்கள் யாரும் இறங்க வேண்டியதில்லை. நாங்கள் இறங்காவிட்டால் சாவி கைமாறாது. சாவி கைமாறாவிட்டால் கூடம் எங்களுடையது. பதினாலு வயதில் இது எனக்குப் பிசகே இல்லாத யோசனையாகத் தெரிந்தது. துப்பாக்கியோடு வருகிறவன் எங்கள் சட்டத்துக்குக் கட்டுப்படுவானா என்று யோசிக்கவே இல்லை.

ஜால்ரா தொடங்கியது. கோல்கள் தட்டின. ரயில் யார்டிலிருந்து வந்த கரிப்புகை வழக்கம் போல ஜன்னல் வழியே உள்ளே நுழைந்து எங்களோடு சுற்றியது. முதலில் எனக்கு அழுகை வரும் போலிருந்தது. பிறகு கால்கள் தாளத்தைப் பிடித்துக்கொண்டன. எல்லாம் மறந்து சந்தோஷமாகவே ஆடினேன். பின்னல் பாதியைத் தாண்டி இறங்கியபோதுதான் நினைவு வந்தது. எதிரே பச்சை வந்தாள். உள்பக்கம் போக வேண்டிய நான் வெளிப்பக்கம் போனேன். அவள் என் தோளில் இடித்துத் தடுமாறி உள்ளே புகுந்து போனாள். ஆட்டம் நிற்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னல் தலைக்கு மேலே ஒரு முழம் வரை வந்ததும் திரும்பினோம். கொஞ்ச தூரம் ஒழுங்காக அவிழ்ந்தது. பிறகு சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றுவிட்டன. இழுத்தோம். இழுக்க இழுக்க இறுகியது. ஜால்ரா நின்றது.

"யாரு?" என்றார் அக்கா.

யாரும் கையைத் தூக்கவில்லை. நான் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருன்னு சொன்னா அந்த எடத்துலேருந்து சரி பண்ணிடலாம். யாரு?"

தப்பு விட்டவள்தான் அதை அவிழ்க்க முடியும். எந்தச் சுற்றில், எந்தப் பக்கம் மாறிப் போனோம் என்பது அவளுக்குத்தான் தெரியும். எங்கள் கடிகாரம் இரண்டேகால் காட்டியது. ஜப்பான்காரனுக்கு மூணேமுக்கால். கீழேயிருந்து கிராணி ஏறி வந்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"தங்கச்சி, நேரமாச்சு லா. அவன் வர்றப்ப நீங்கல்லாம் இங்க நிக்கக்கூடாது. வயசுப் பிள்ளைங்க. கத்தியால அறுத்து எறக்கிடு."

"துண்டு துண்டாப் போயிடும்ணே" என்றார் அக்கா.

"போனாப் போகுது. துணியா முக்கியம்?"

அவர் இடுப்பிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து அக்காவிடம் நீட்டினார். அப்போது பச்சை அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், உதட்டைக் கடித்துக்கொண்டு.

"எங்கம்மா அதுல எனக்குப் பாவாடை தைக்கறேன்னு சொல்லியிருக்காங்கக்கா" என்றாள். பிறகு, "நான்தான்க்கா தப்பு விட்டிருப்பேன். உள்ள போயிட்டேன் போல. எந்த எடம்னு தெரியலக்கா" என்று கையைத் தூக்கினாள்.

அந்தக் கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அக்குளில் சட்டை கிழிந்திருந்தது. என் வாழ்க்கையில் நான் நிறைய வெட்கப்பட்டிருக்கிறேன். என் குணத்துக்கு அது தவிர்க்க முடியாதது. ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடாக ஒன்றும் இல்லை. கூடம், சாவி, பட்டாளம் எல்லாம் மறந்துபோயிற்று. அவளுடைய அந்தக் கையைக் கீழே இறக்க வேண்டும் என்பது மட்டும்தான் தோன்றியது.

"அவ இல்ல. நான்தான்" என்று கையைத் தூக்கினேன்.

பச்சை என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள், சட்டம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள். அக்காவும் பார்த்தார். திட்டுவார் என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. என்னை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு, "ஆடு" என்றார்.

நான் பச்சையைச் சுற்றித் தப்பாக வந்த வழியே பின்னோக்கி நடந்தேன். முடிச்சு தளர்ந்தது. சின்னப் பெண் மறுபடி ஜால்ராவைத் தட்டினாள். கிராணி கத்தியை மடக்கிக்கொண்டு படியில் நின்று தெருவைப் பார்த்தார். பின்னல் சரசரவென்று மேலே ஏறியது. இன்னும் நாலு சுற்று, மூணு சுற்று. அப்பாடா என்று நான் மூச்சு விட்டபோது கயிறுகள் மறுபடி நின்றன.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நியாயம்தான். நான் இல்லையென்று தலையை ஆட்டினேன். இது என்னுடையது இல்லை. கொக்கிக்கு ஒரு சாண் கீழே, ஆட்டம் தொடங்கிய புதிதில் பின்னிய இடத்தில், அழுகை முட்டிக்கொண்டு நானே ஒழுங்காக ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் விழுந்த முடிச்சு அது. அண்ணாந்து பார்த்தேன். ஊதாக் கயிற்றை நீலக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தது.

ஊதாக் கயிறுக்காரி தரையைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்கு ஆடும்போதே தெரிந்திருக்கும்.

அக்கா கையைத் தூக்கினார். ஒரு நாளும் தாளம் தப்பாத கை.

"நான்தான்" என்றார்.

யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் ஊதாவைச் சுற்றிப் பின்னோக்கி மெதுவாக நடந்தார். ஒரு சுற்று. முடிச்சு விட்டது. எட்டுக் கயிறும் தனித்தனியாகத் தொங்கின. சன்னமாகச் சிரித்துவிட்டு அவரே ஸ்டூலைப் போட்டு ஏறிக் கயிறுகளைக் கழற்றினார். பச்சையின் கயிற்றை முதலில் கொடுத்தார். என்னுடையதைக் கொடுத்தபோது என் கன்னத்தில் லேசாகத் தட்டினார். நாங்கள் கோல்களை அந்தச் சேலைகளில் சுற்றி எடுத்துக்கொண்டு வரிசையாகப் படி இறங்கினோம். அவர் கடைசியாக இறங்கி, கதவைப் பூட்டி, கிராணியிடம் சாவியைக் கொடுத்தார்.

கூடம் எங்களிடம் திரும்பி வரவே இல்லை. அந்த வருஷமே அக்கா தன் அண்ணன் வீட்டோடு கிள்ளானுக்குப் போய்விட்டார். சண்டை முடிந்த பிறகு ஒரு தடவை கிள்ளான் பாசாரில், கீரைக் கடை முன்னால் அவரைப் பார்த்தேன். நெற்றியில் பொட்டு இல்லை; கணவர் திரும்பவில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது. கீரை விலை பேசினோம், அம்மாவின் முழங்கால் வலியைப் பேசினோம். எனக்கு முன்னாலேயே அவர் அந்த முடிச்சைப் போட்டாரே, அதுவும் என்னுடையதைப் போல வேண்டுமென்றேதானா என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. நான் கேட்கவில்லை. என்றைக்கும் கேட்கக் கூடாது என்பதுதானே சட்டம்.