எனக்குப் பின்னால் நடந்தவர்

2007ஆம் ஆண்டு. மட்டக்களப்பில் சுனாமி வந்து போய் மூன்றாவது வருஷம். யுத்தம் முடிய இன்னும் இரண்டு வருஷம் இருந்தது என்பது இப்போது தெரிகிறது, அப்போது தெரியாது. நான் கல்லடியில் குடியிருந்தேன். வாழைச்சேனைப் பக்கத்தில் ஒரு சிறிய நூலகத்தில் நூலகராக வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவேன்.

அந்த நாட்களில் எங்கள் மாவட்டத்தில் ஒருவன் காலில் பிளாஸ்டர் போட்டுக்கொண்டு படுத்திருந்தால் அதற்குக் கௌரவமான காரணங்கள் நிறைய இருந்தன. என்னுடைய காரணம் ஒரு பிளாஸ்டிக் கதிரை.

சுனாமியில் கடல் எங்கள் வீட்டுக்குள் முழங்காலளவுக்கு வந்து, புத்தக அலுமாரியின் கீழ்த்தட்டை மட்டும் வாசித்துவிட்டுப் போயிருந்தது. பக்கத்து வளவுகளில் நடந்ததை நினைத்தால் அதைச் சேதம் என்று சொல்ல வாய் வராது. ஆனாலும் ஊரோடு ஊராக எங்களுக்கும் உட்கார நீலக் கதிரைகள் சிலவும், கொசு கடிக்காமல் படுக்க ஒரு நுளம்பு வலையும் நிவாரணமாகத் தந்தார்கள். அந்த வலையைக் கட்டுவதற்காக அந்தக் கதிரைகளில் ஒன்றில் ஏறி நின்றபோது, கதிரையின் கால் ஒரு பக்கமாக விரிந்தது. என் காலும் அதையே பின்பற்றியது. கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிவு. கடல் விட்டுவைத்த மனிதனை நிவாரணம் விழுத்திவிட்டது.

ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த கட்டிலில் உன்னிச்சைப் பக்கத்து விவசாயி ஒருவர். மிதிவெடியில் ஒரு பாதத்தை இழந்தவர். முதல் நாளே விசாரித்தார்.

"உங்களுக்கு என்ன, ஷெல்லா?"

"இல்ல."

"மிதிவெடியா?"

"கதிரை."

அவர் என் பக்கமாகச் சரிந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கதிரையில என்னத்த வெச்சிருந்தவங்க?" என்று கேட்டார். ஒருவரும் ஒன்றும் வைக்கவில்லை, நான்தான் என்னை வைத்தேன் என்றேன். அந்த மனிதர் கட்டுப்போட்ட காலைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் வார்டே திரும்பிப் பார்த்தது. என் கால் முறிந்ததால் உலகத்துக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான் என்று அப்போது நினைத்தேன்.

வீட்டில் படுத்திருக்கும் காலத்தில் வருஷக்கணக்காகத் தள்ளிவைத்த தடித்த புத்தகங்களையெல்லாம் வாசித்து முடிக்கலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். பார்க்க வந்தவர்கள் விடவில்லை. எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. ஒரு பிஸ்கட் பைக்கற்றும் ஒரு வைத்தியமும் கொண்டு வருவார்கள். பிஸ்கட்டைப் பிள்ளைகள் தின்றார்கள், வைத்தியத்தை நான் கேட்டேன். "உங்கட கால் எப்பிடியும் பொருந்திரும். தேத்தண்ணி ஊத்தி ஊத்தி என்ட கைதான் முறியப்போகுது" என்றாள் மனைவி.

ஒருவழியாகப் பிளாஸ்டரை வெட்டினார்கள். உள்ளே இருந்து வெளிப்பட்ட கால் எனக்குச் சொந்தமானதாகத் தெரியவில்லை. வெயில் படாத இடத்தில் வளர்ந்த முருங்கைக்காய் போல இருந்தது. ஊன்றுகோல் வைத்துக்கொண்டு நடக்கலாம், வேலைக்கும் போகலாம், நடக்க நடக்கத்தான் பலம் வரும் என்றார் டொக்டர். அவர் என்னுடைய பஸ்ஸில் போகிறவரல்ல.

அந்தப் பஸ் பயணத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தன்னாமுனை தாண்டிக் கொஞ்சத் தூரத்தில் ஒரு சென்றி, அதாவது இராணுவச் சோதனைச் சாவடி, இருந்தது. பஸ் அங்கே நின்றதும் எல்லோரும் இறங்க வேண்டும். அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒற்றை வரிசையில், மண்மூட்டைகளுக்கு நடுவே ஒரு கூப்பிடு தூரம் நடக்க வேண்டும். பஸ் வெறுமையாக முன்னே போய் மறுபக்கத்தில் இரைந்துகொண்டு நிற்கும். கடைசி ஆள் ஏறும் வரை புறப்படாது. ஆகவே பஸ்ஸின் வேகம் என்பது உண்மையில் கடைசி ஆளின் வேகம்தான்.

அதிலே இன்னொரு சங்கதியும் இருந்தது. வரிசையின் நடுவில் போகிறவனைச் சிப்பாய்கள் அட்டையைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள், பின்னால் ஆள் நெருக்குமல்லவா? கடைசியாக வருகிறவனுக்குப் பின்னால் யாருமில்லை. அவனுக்குத்தான் முழுப் பூசை.

முதல் நாள் நான் கடைசி. எல்லோரும் போய் ஏறிவிட்டார்கள். நான் பாதித் தூரத்தில் ஊன்றுகோலோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தேன். சாரதி ஹோர்னை அழுத்திப் பிடித்தார். சிப்பாய் என் சோற்றுப் பார்சலை அவிழ்த்தார், மருந்துப் போத்தலை முகர்ந்து பார்த்தார், பையிலிருந்த புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எங்கள் நூலகத்தில் அந்தப் புத்தகத்தை அவ்வளவு அக்கறையாகப் புரட்டிய ஒருவரை நான் கண்டதில்லை.

பஸ்ஸில் ஏறியதும் முன் சீற்றிலிருந்த ஒரு பெண், பக்கத்திலிருந்தவளிடம் சொல்வது போல எனக்குச் சொன்னாள். "நடக்க ஏலாட்டி வீட்ட இரிக்கிறதுதானேகா. இவர் லைப்ரேரியத் துறக்காட்டி உலகம் என்ன இருண்டா போயிரும்?"

கருத்தளவில் எனக்கு மறுப்பில்லை. அவளைக் குறை சொல்லவும் முடியாது. அவள் ஏறாவூர்ப் பக்கம் வயல் வேலைக்குப் போகிறவள். பிந்திப் போனால் அன்றைக்கு ஆள் போதும் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் பிந்திப் போனால் பத்திரிகை பார்க்க வரும் இரண்டு கிழவர்கள் வாசலில் நின்று அரசியல் பேசிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கிழமை முழுவதும் அப்படியே. ஹோர்ன், முழுப் பூசை, முன் சீற்று. ஒவ்வொரு நாளும் தலையைக் குனிந்துகொண்டு ஏறினேன். வெள்ளிக்கிழமை கண்டக்டரிடம் சொன்னேன்: "தம்பி, இந்த மாசத்தோட சரி. மெடிக்கல்ல பென்சன் எடுக்கப்போறன்."

"அதுதான் நல்லம், சேர்" என்றான். அவன் அவ்வளவு கெதியாகச் சம்மதிப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

விளையாட்டாகச் சொல்கிறேனே தவிர, உள்ளுக்குள் பயமாக இருந்தது. நாற்பதுகளின் நடுவில் இருந்தேன். வீட்டில் கிடந்த நாட்களிலேயே ஜன்னலடியில் உட்கார்ந்து வீதியில் போகிறவர்களை மேற்பார்வை செய்யும் உத்தியோகம் எனக்குப் பழகத் தொடங்கியிருந்தது. ஒருமுறை அதில் நிரந்தரமானால் பிறகு எழும்ப மாட்டேன் என்று எனக்கே தெரிந்திருந்தது. ஆனாலும் அந்த ஒற்றை வரிசையின் வாலில் இன்னொரு நாள் நடக்க எனக்கு மனமில்லை.

அடுத்த திங்கட்கிழமை ஓர் அதிசயம் நடந்தது. நான் கடைசியாக வரவில்லை.

எனக்குப் பின்னால் ஒருவர் வந்துகொண்டிருந்தார். காத்தான்குடிச் சார வியாபாரி, இடுப்பில் கட்டும் கைலிச் சாரங்கள் விற்பவர். அறுபது தாண்டியிருக்கும், வெள்ளைத் தாடி, தோளில் ஒரு சார மூட்டை. ஓட்டமாவடிக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர். பஸ்ஸின் பின் சீற்றில் அவரை முன்பும் கண்டிருக்கிறேன், நடையைக் கவனித்ததில்லை. பார்த்தால் பரிதாபமாக இருந்தது. நாலு எட்டு வைப்பார், மூட்டையை இறக்குவார், இருமுவார், சாரத்தை அவிழ்த்து இறுக்கிக் கட்டுவார், மறுபடி நாலு எட்டு. நான் என் முருங்கைக்காய்க் காலோடு அவரை இலகுவாக முந்திப் போய் பஸ்ஸில் ஏறினேன். சிப்பாய்கள் அவருடைய மூட்டையை மேசையில் அவிழ்த்து, சாரங்களை ஒவ்வொன்றாக விரித்து உதறிப் பார்த்தார்கள். அவர் எல்லாவற்றையும் அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு வந்து ஏறி, ஓட்டமாவடி வரும் வரைக்கும் மடித்துக்கொண்டே வந்தார்.

முன் சீற்றுப் பெண் அவரையும் விடவில்லை. முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். "காக்கா, நீங்க மூட்டையச் சுமக்கிறீங்களா, மூட்டை உங்களச் சுமக்குதா?"

"பாதிப் பாதிதான் தங்கச்சி. சந்தை வரைக்கும் நான், மறுகா அது" என்றார். பஸ் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். நான் நிமிர்ந்து நடக்கத் தொடங்கினேன். பெருமை என்பது, எனக்குச் சிபாரிசு செய்யப்பட்ட எந்த எண்ணெயையும் விடக் காலுக்கு நல்லது. நாளுக்கு நாள் என் வேகம் கூடியது, பின்னால் வந்தவரின் வேகமும் ஏனோ கூடவே கூடியது, பஸ்ஸும் முந்திப் புறப்பட்டது. பென்சன் பேச்சை மெல்ல விட்டுவிட்டேன். வீட்டில் மனைவியிடம், "இண்டைக்கும் ஒராள முந்திட்டன்" என்றேன்.

"ஆர?"

"ஒரு சார வியாபாரி."

"எத்தின வயசு?"

"அறுபதுக்கு மேல இரிக்கும்."

"பதக்கம் எதும் தந்தவங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நான் அதோடு நின்றிருக்கலாம். ஆனால் வாசிக்கிற மனிதனுக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒருநாள் பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து, எப்படி நடக்க வேண்டும் என்று வகுப்பு எடுத்தேன். முதலில் குதிக்காலை வைக்க வேண்டும், பிறகு பெருவிரலை நன்றாக ஊன்றித் தள்ள வேண்டும். ஆஸ்பத்திரியில் எனக்குச் சொல்லித்தந்த பயிற்சிகளை சீற்றுகளுக்கு நடுவில் நின்று செய்தும் காட்டினேன். கொஞ்சம் கெதியாக நடந்தால் மூட்டையை அவிழ்க்கும் கரைச்சல் இராது என்றும் அறிவுரை சொன்னேன். கண்ணாடி போட்ட எல்லோரும் அவருக்கு மாஸ்டர்.

"அப்பிடியா மாஸ்டர்? பெருவிரல நல்லா ஊண்டணுமா?" என்று மிகக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

இரண்டு கிழமை போயிருக்கும். ஒரு பின்னேரம் நூலகத்துக்குப் பூட்டு வாங்குவதற்காக ஓட்டமாவடிச் சந்திக்குப் போனேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது. மட்டக்களப்புப் பஸ் ஒன்று புறப்பட்டு நகர்ந்துகொண்டிருந்தது. அப்போது ஒரு கடையிலிருந்து ஒருவர் வெளியே பாய்ந்தார். மூட்டை தலையில், சாரம் முழங்காலுக்கு மேலே. வீதியோர வடிகால் கானை ஒரே தாவலில் தாண்டி, ஓடுகிற பஸ்ஸை எட்டிப் பிடித்து, மிதிபலகையில் தொற்றி உள்ளே போனார். வெள்ளைத் தாடி காற்றில் பறந்ததை நான் தெளிவாகக் கண்டேன். பெருவிரலை நன்றாக ஊன்றினாரா என்று கவனிக்க நேரமிருக்கவில்லை.

அன்றைக்கு வீட்டில் நான் யாரையும் முந்திய கதை சொல்லவில்லை.

மறுநாள் காலை சென்றியில் இறங்கியதும் வேண்டுமென்றே பின்தங்கினேன். அவரும் பின்தங்கினார். நான் நின்று கண்ணாடியைத் துடைத்தேன். அவர் மூட்டையை இறக்கினார். நான் ஊன்றுகோலைச் சோதித்தேன். அவர் சாரத்தை அவிழ்த்துக் கட்டினார். மற்றவர்களெல்லாம் போய்விட்டார்கள். மண்மூட்டைக்குப் பின்னாலிருந்த இளம் சிப்பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் ஏன் நிக்கிறது? வா, வா!" என்றான்.

"காக்கா," என்றேன், "நேத்துப் பின்னேரம் உங்களச் சந்தியில கண்டன்."

"நான் உங்களக் காணல்லயே, மாஸ்டர்."

"எப்பிடிக் காணுவீங்க? பஸ்ஸுக்குப் பின்னால பறந்தெல்லோ போனீங்க."

அவர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார், அவை இரண்டும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டன என்பது போல. "அது பின்னேரத்துக் கால், மாஸ்டர். காலையில இது எழும்பமாட்டன் எண்டு நிக்கும்."

நான் சிரிக்கவில்லை. என்னத்துக்கு இந்த வேலை என்று கேட்டேன்.

"நீங்க கண்டக்டர்ப் பொடியனோட பென்சன் கத கதைச்சீங்க. நான் பின்னால இரிந்தன்" என்றார். "என்ட மச்சான் ஒராளும் இப்பிடித்தான். கால் சுகமானதும் போறன் எண்டு வீட்ட இரிந்தவர். கால் எப்பவோ சுகம். ஆள் இன்னும் வீட்டதான்."

"அதுக்காக உங்கட மூட்டைய ஒவ்வொரு நாளும் அவிழ்க்கிறாங்களே?"

"கடைக்குப் போனா அவிழ்த்துக் காட்டத்தானே வேணும்? இஞ்ச இன்னொருதரம், அவ்வளவுதான். எப்பவாவது ஒரு நாளைக்கு இவங்களும் ஒண்டு விலைக்கு எடுப்பாங்க."

அவருடைய முஸ்லிம் ஊருக்கும் எங்கள் தமிழ் ஊர்களுக்கும் இடையில் நல்ல நாளும் இருந்திருக்கிறது, கெட்ட நாளும் இருந்திருக்கிறது. அதை அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. "இண்டைக்கு நான் கடைசியா வாறன், நீங்க போங்க" என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார். "ஏலுமா?"

"ஏலும்."

மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவருடைய சொந்த நடையில் போனார். கண்ணிமைக்கும் நேரத்தில் பஸ்ஸடியில் நின்றார். நான் என் நடையில் போனேன். சோற்றுப் பார்சல் அவிழ்ந்தது, புத்தகம் புரட்டப்பட்டது, ஹோர்ன் அடித்தது. ஏறும்போது முன் சீற்றுப் பெண், "என்ன, இண்டைக்கு மாஸ்டர்ர முறையா?" என்றாள்.

"ஓம் தங்கச்சி, மாத்தி மாத்தி எடுக்கிறம்" என்றேன். பஸ் சிரித்தது. நான் தலையைக் குனியவில்லை.

கண்டக்டர் மட்டும் மெல்ல அருகில் வந்து, "சேர், அந்தப் பென்சன் அலுவல் என்ன மாதிரி?" என்று கேட்டான். வயசு வந்த பிறகுதான் என்றேன். அவன் முகம் வாடியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு யுத்தம் முடிந்தது, சென்றியும் போனது. நான் இப்போதும் அதே நூலகத்துக்குத்தான் போகிறேன். அந்த இடத்தில் பஸ் நிற்பதுமில்லை, யாரும் இறங்குவதுமில்லை. ஆனால் எந்த விஷயத்திலாவது யாரையாவது முந்திவிட்டேன் என்று மனம் குளிரும் போதெல்லாம், நான் முந்திய அந்த ஆள் உண்மையிலேயே ஏலாமல்தான் பின்னால் வருகிறாரா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.