மான் சுடுகிற துவக்கும் மற்றத் துவக்கும்

துவக்குக் கடையில் வேலை என்றால் நாள் முழுக்க வாக்குவாதம் கேட்கிற வேலை; இடைக்கிடை ஏதாவது விற்கவும் செய்யலாம். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுக்கிற என் இனத்தவரே, கடைசியில் ஒரு ஆள் என்னிடம் வடிவாக ஏமாந்த கதை இருக்கிறது. சிரிப்பு வரும், அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போது சொல்லமாட்டேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பேக்கரிக்கும் சலூனுக்கும் நடுவில், வேட்டைக்கும் மீன்பிடிக்கும் சாமான் விற்கிற கடை. முதலாளி கோர்டன். சனி ஞாயிறில் நான் தூண்டிலும் சப்பாத்தும் விற்பேன், டெலிபோன் எடுப்பேன். துவக்குக் கவுண்டரில் நிற்க லைசென்ஸ் வேண்டும். எனக்குப் பத்தொன்பது வயது. லைசென்ஸ் இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது.

இன்னொன்று, எனக்கு யாருடைய குரலும் வரும். கோர்டனின் குரல்தான் என் சிறந்த படைப்பு. தொண்டையைச் செருமி, ஒவ்வொரு வசனத்தின் வாலிலும் 'மை ஃப்ரெண்ட்' என்று கட்டிவிட்டால் அவருடைய மனைவிக்கே வித்தியாசம் தெரியாது. சோதித்துப் பார்த்திருக்கிறேன். கீழே வருகிற வெள்ளைக்காரர் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார்கள். கோபிக்க வேண்டாம், அது என் கைவேலை.

பூட்டிய அறை

கடையின் பின்னால் ஒரு அறை எப்போதும் பூட்டியிருக்கும். அரசாங்கம் தடைசெய்த துவக்குகள் அதற்குள் நிற்கின்றன. இராணுவத்துக்கென்று செய்தவற்றின் சாயலில் செய்த கறுப்புத் துவக்குகள். விற்கவும் முடியாது, வெளியே எடுக்கவும் முடியாது. அந்தக் கதவைக் கண்டால் சில வாடிக்கையாளர்களுக்கு மரணவீட்டுக்கு வந்த முகம் வந்துவிடும்.

லொறி ஓட்டுகிற ஒருவர் வந்தால் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் அந்தக் கதவைப் பார்ப்பார். அவரிடம் இருந்ததும் அந்த இனம். அதால்தான் இத்தனை வருசம் மான் சுட்டவராம். உள்ளே ஐந்து சன்னத்துக்கு மேல் போகாதாம், மற்ற வேட்டைத் துவக்குகளைப் போலவே வேலை செய்யுமாம். "பிறகு ஏன் தடை?" என்று கேட்டேன். அவர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு சொன்னார்: "அது பார்க்கத்தான் பொல்லாதது, தம்பி. என்ரை மனுசியும் அப்பிடித்தான். அவளை ஒருத்தரும் தடைசெய்யேல்லை."

ரப்பர் சப்பாத்து

சிரிப்பு இதுவல்ல. பொறுங்கள்.

தோட்டத்துக்கு ரப்பர் சப்பாத்து வாங்க ஒரு அம்மா வந்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் காலில் சொக்ஸுமாக நின்றபடி என்னிடம் கேட்டார், ஒரு மானுக்கு எத்தனை வெடி வேண்டும் என்று. நான் கோர்டனின் பாணியில் செருமத் தொடங்கினேன். அதற்குள் பக்கத்தில் தூண்டில் பார்த்துக்கொண்டு நின்ற கிழவர், ஆயுள் முழுக்க வேட்டையாடியவர், முந்திக்கொண்டார்: "ஒண்டு. அது தவறினா மான் போயிடும். நான் வீட்டை போவன்."

அந்த அம்மா சப்பாத்தைக் கழற்றிவிட்டார். யாராவது துவக்கோடு பள்ளிக்கூடத்துக்குள் வந்தால் என்று, அவருடைய வகுப்பில் பிள்ளைகளுக்குக் கதவைப் பூட்டி, வெளிச்சத்தை அணைத்து, மேசைக்குக் கீழே சத்தமில்லாமல் இருக்கப் பழக்குகிறார்களாம். சின்னவன் ஒருவன் அப்படி இருக்கும்போது தும்மிவிட்டு அழுதானாம், தன்னால் எல்லாரும் சாகப்போகிறார்கள் என்று. என்னால் அந்தப் பிள்ளையின் குரலையும் செய்ய முடியும். செய்யவில்லை. போகும்போது அவர் பூட்டிய கதவைக் காட்டிக் கேட்டார்: "அப்ப உதுக்குள்ளை நிக்கிறதெல்லாம் எந்த மிருகத்துக்கு?"

யூனியன்வில் அங்கிள்

எங்கள் ஆட்களும் வருவார்கள். யூனியன்வில்லில் பெரிய வீடு, கணக்காளர் வேலை, புதிதாக வாங்கிய செம்மஞ்சள் வேட்டைச் சட்டை. கூட வேலை செய்கிற கந்தோர்க்காரர் மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம். சட்டையின் விலைச்சீட்டுக் கூடக் கழற்றாமல் கடைக்குள் நடந்து பார்த்தார். இரவு வீட்டில் இவரை நடித்துக் காட்டலாம் என்று நான் உள்ளுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோர்டன் அந்தப் பக்கம் போனதும் அங்கிள் கிட்ட வந்து, பின் அறையில் நிற்கிற கறுப்பன் ஒன்றை ஒருக்கா கையில் பிடித்துப் பார்க்கலாமோ என்று கேட்டார். ஏலாது அங்கிள், சட்டம் என்றேன். வாங்கவா என்றும் கேட்டேன். அவர் கதவைப் பார்த்தபடியே சொன்னார்: "வாங்கிறதுக்கில்லை தம்பி. ஊரிலை ஆமிச் சென்றியில மறிச்சு நெஞ்சிலை வைக்கேக்கை நான் அதின்ரை வாயை மட்டும்தான் கண்டனான். பின்பக்கம் நிண்டா எப்பிடி இருக்கும் எண்டு பார்க்கத்தான்."

மத்தியானத்து அழைப்பு

இப்போது வருகிறது அந்தச் சிரிப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் நான் வீட்டில் அறிவித்தேன்: அடுத்த மாதம் கோர்டன் என்னைத் துவக்குக் கவுண்டருக்கு மாற்றுகிறார், சம்பளமும் கூட. அம்மா சந்தோசப்பட்டார். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் மத்தியானம் கோர்டன் சாப்பிடப் போயிருந்தார். டெலிபோன் அடித்தது. "குட் ஆஃப்டர்நூன் சேர். மே ஐ ஸ்பீக் டு த ஓனர்?" அப்பா. வங்கிக்கும் வைத்தியருக்கும் வைத்திருக்கிற ஆங்கிலம், எல்லாப் பொத்தானும் பூட்டின சட்டை மாதிரி. விடுவேனா? செருமினேன். "ஸ்பீக்கிங், மை ஃப்ரெண்ட்."

அப்பா நம்பிவிட்டார். என் மகன் உங்களிடம் வேலை செய்கிறான், அவனைத் துவக்குகளுக்குப் பக்கத்தில் விடவேண்டாம், நான் சொன்னதாகவும் அவனுக்குச் சொல்லவேண்டாம், வேறு ஏதாவது காரணம் சொல்லுங்கள் என்றார். எனக்குச் சிரிப்பை அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சரி, வாக்குத் தருகிறேன். ஆனால் ஏன்? இது வெறும் வேட்டைச் சாமான்தானே, மை ஃப்ரெண்ட்?"

"என் அண்ணனும் வேட்டைக்குத்தான் போனவர், சேர்" என்றார் அப்பா.

பெரியப்பா சண்டையில் செத்தவர் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அப்பா ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார். இடம்பெயர்ந்து காட்டோரம் இருந்த நாட்கள். சாப்பாடு இல்லை. யாரோ விட்டுவிட்டுப் போன இராணுவத் துவக்கு ஒன்று அண்ணனுக்குக் கிடைத்தது. நான் "ம்" என்றேன். மரைமான் ஒன்று சுட்டால் நாலு குடும்பம் சாப்பிடும் என்று விடியப் போனார். "ம்." அப்பாவும் கூடப் போகக் கேட்டவர். அண்ணன் மறித்துவிட்டார். "ம்."

இடையில் எங்கேயோ ஆங்கிலம் கழன்றுவிட்டது. அது எந்த இடத்தில் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. "மருந்து இடிச்சுச் சுடுற பழைய இடியன் துவக்கோட போயிருந்தா, தூர நிண்டு பார்த்தவனுக்கு உவன் வேட்டைக்காரன் எண்டு விளங்கியிருக்கும். கையில கிடந்தது அது. யார் சுட்டது எண்டு இண்டைக்கும் தெரியாது. நாங்கள் வெடிச் சத்தம் கேட்டு, மரை விழுந்திட்டுது எண்டு சந்தோசப்பட்டனாங்கள். அண்ணி அடுப்பு மூட்டினவ."

"ம்" என்றேன். கோர்டனின் குரல் எப்போதோ என்னை விட்டுப் போயிருந்தது.

அந்தப் பக்கம் சத்தம் நின்றது. ஒருவர் கதை சொல்லும்போது வசனத்துக்கு வசனம் ம் கொட்டுகிற வெள்ளைக்காரன் ரொறன்ரோவில் எங்கே இருக்கிறான்? அதுவும் தமிழ்க் கதைக்கு? பின்னால் அப்பா வேலை செய்கிற ஃபாக்டரியின் மெஷின் ஓடுவது கேட்டது. பிறகு அப்பா மிக மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, எவ்வளவு நேரமாடா நீ கேட்டுக்கொண்டு நிக்கிறாய்?"

நான் இப்போதும் தூண்டிலும் சப்பாத்தும்தான் விற்கிறேன், தான் அப்பாவுக்கு அப்படி ஒரு வாக்குக் கொடுத்தது கோர்டனுக்கு மட்டும் இன்னும் தெரியாது.