பனிஷபள்

என் தம்பியின் மோட்டார் சைக்கிள் கொட்டாஞ்சேனையில் வீதியைக் கடந்த முதியவர் ஒருவரை மோதிவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். தம்பியைப் பொலிஸ் கொண்டுபோனது. அடுத்த நாள் காலை நானும் அம்மாவும் வெள்ளவத்தையிலிருந்து பஸ் பிடித்துப் புதுக்கடை நீதிமன்றத்துக்கு ஓடினோம்.

எங்கள் சட்டத்தரணி வாசலில் நின்றே அவசரமாக ஆங்கிலத்தில் பேசினார். அதில் ஒரு சொல்தான் அம்மாவின் காதில் விழுந்தது. பனிஷபள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"தண்டனை குடுத்திட்டாங்களே, பிள்ளை?"

"இல்லையம்மா. பனிஷ்ட் எண்டாத்தான் குடுத்தாச்சு. பனிஷபள் எண்டா, குற்றம் நிரூபிச்சா தண்டிக்கலாம் எண்டு அர்த்தம்."

ஆங்கில டியூஷன் கொடுத்துப் பிழைக்கிறவள் நான். வகுப்பில் சொல்வதுபோலவே சொல்லிவிட்டேன்.

அம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஈட்டபள்ஸ் எண்டா, சாப்பிடலாம் எண்ட சாமான்தானே? கடையில வச்சிருந்தா ஆரோ ஒருத்தன் சாப்பிடத்தானே போறான்?"

வழக்கைக் கூப்பிட்டார்கள். அம்மாவை அழைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

எல்லாம் சிங்களத்தில் நடந்தது. முதியவரின் நிலைமை மோசம் என்று பொலிஸார் சொன்னார்கள். பிணை கிடைக்கவில்லை, அடுத்த தவணைவரை விளக்கமறியல் சிறை. விலங்கு போட்ட கையோடு தம்பி கூட்டத்தில் எங்களைத் தேடினான். நாங்கள் முன்வரிசையில்தான் நின்றோம். அவன் கண்ணில் படவில்லை.

சிறைச்சாலை பஸ் புறப்பட்டபோது அம்மா வீதியிலேயே குந்திவிட்டார்.

"ஒண்டும் நிரூபிக்கேல்லையே. பிறகேன் கொண்டுபோறாங்கள்?"

"விசாரணைக்கு அம்மா. இது தண்டனை இல்லை."

சட்டப்படி நான் சொன்னது சரி.

அதற்குப் பிறகு அம்மா ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அந்த முதியவரின் உயிருக்காக வேண்டிக்கொண்டே இருந்தார். நானும் வேண்டினேன். அவருக்காகவா, தம்பிக்காகவா என்று பிரித்துப் பார்க்கத் துணிவு வரவில்லை.

சில கிழமைகளில் முதியவர் கண்விழித்தார். அடுத்த தவணையில் தம்பிக்குப் பிணை கிடைத்தது. வழக்கு இன்னும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்த மத்தியானம் அவன் குளித்துவிட்டுத் தன் கட்டிலில் படுத்தான். பெரிய கட்டில். முழங்காலை நெஞ்சோடு மடக்கிச் சுவரோரமாக ஒடுங்கிக் கிடந்தான்.

"காலை நீட்டிப் படு ராசா," என்றார் அம்மா.

"உள்ளுக்க நீட்டினா அடுத்தவனில படும்," என்றான், கண்ணைத் திறக்காமலே.